சமையலறைச் சுவரில் பன்னிரண்டு கடைகள்

எங்கள் மகள் பினாங்கில் ஒரு ஜப்பான்காரத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டுக்கு வரும்போது கம்பெனி கொடுத்த காலண்டர் ஒன்றைக் கொண்டுவருவாள். ஒரு வருடம் பூ, ஒரு வருடம் ரயில். நான் அதை வாங்கி நன்றி சொல்லி அலமாரிக்குள் போட்டுவிடுவேன். சர்ச் காலண்டர் ஒன்றும் மளிகைக் கடை காலண்டர் ஒன்றும் ஏற்கெனவே சுவரில் தொங்கும் வீட்டில் மூன்றாவதற்கு என்ன வேலை? ஆனால் போன கிறிஸ்துமஸுக்கு வந்தது மட்டும் அலமாரிக்குப் போகவில்லை. என் மனைவி அதை மடியில் வைத்து ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "இத சமையக்கட்டுல மாட்டுங்க, நான் ஒக்கார்ற எடத்துக்கு எதிர்ல" என்றாள்.

பன்னிரண்டு தாளிலும் பன்னிரண்டு சாப்பாட்டுக் கடைகள். போட்டோ என்பது அங்கே வந்து சேர்வதற்கு முன்னால், ஜப்பானின் பெரிய நகரத்தில் இருந்த கடைகளை மரப்பலகையில் செதுக்கி, மை தடவித் தாளில் எடுத்த படங்கள். ஆற்றங்கரையில் மாடி வைத்த கடை, காகித விளக்கு வரிசையாகத் தொங்கும் கடை, பனி கொட்டும் ராத்திரியில் தோளில் தூக்கிவந்து இறக்கிவைத்த நூடுல்ஸ் கடை. விலாங்கு மீனைச் சுடும் ஒருவன் விசிறியால் நெருப்பை விசிறுகிறான், புகை தெருவரைக்கும் போகிறது. பெண்கள் தட்டு ஏந்திப் படியேறுகிறார்கள். தலைக்கு மேல் நிலா.

அந்தக் காலண்டர் ஏன் சமையலறைக்குப் போனது என்பதைச் சொல்ல வேண்டும். என் மனைவி சமையலறையில் சுவரைப் பார்த்தபடி தனியாகத்தான் சாப்பிடுவாள். அதற்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு காலை, ஜெபம் சொல்லிக்கொண்டே இருந்தவள் பாதியில் நின்றாள். பக்கவாதம். கடவுள் கிருபையில் கால் திரும்பி வந்தது. பேச்சு முழுதாகத் திரும்பி வந்தது, முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. வலது கை மட்டும் வரவில்லை. அது மடியில் கிடக்கும், அவள் வைத்த இடத்தில்.

அவள் லேசில் விடுகிற ஆள் இல்லை. இடது கையால் எழுதப் பழகினாள், பட்டன் போடப் பழகினாள், என் போனைப் பிடுங்கி மகளுக்கு மெசேஜ் அனுப்பப் பழகினாள். ஆனால் இடது கையால் சாப்பிடுவதை மட்டும் யாரும் பார்க்கக் கூடாது என்று வைத்துவிட்டாள். நான்கூட.

பக்கவாதத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பூசை முடிந்ததும் நேராக ஈப்போ புந்தோங்கில் இருக்கும் வாழையிலைக் கடைக்குப் போவோம். கல்யாணமான புதிதில் தொடங்கியது. மகள் பிறந்து, வளர்ந்து, வேலைக்குப் போன பிறகும் நாங்கள் இரண்டு பேரும் போய்க்கொண்டுதான் இருந்தோம். வீட்டில் நாங்கள் பேசாத பேச்செல்லாம் அந்த மேசையில்தான் பேசுவோம். வீடு வாங்கலாம் என்று முடிவு செய்ததும் அங்கேதான், வாங்கியது தப்பு என்று சண்டை போட்டதும் அங்கேதான். அவள் வருவது நின்ற பிறகு நான் தனியாகப் போய்ப் பொட்டலம் கட்டி வாங்கி வருவேன். அந்தக் கடையில் பரிமாறும் தம்பி ஒவ்வொரு வாரமும் கேட்பான்.

"டீச்சர் வரலையா அண்ணே? இன்னிக்கும் புங்குஸ் தானா?"

"அடுத்த வாரம் பாக்கலாம் தம்பி" என்று சொல்லிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வருவேன். வேறு என்ன சொல்வது?

அவன் 'டீச்சர்' என்றதில்தான் சிக்கலே இருந்தது. என் மனைவி புந்தோங்கில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். இந்தப் பக்கத்தில் முப்பது வயதைத் தாண்டிய பாதிப் பேருக்கு அவள்தான் எழுத்து சொல்லிக்கொடுத்தவள், மூக்கைத் துடைத்துவிட்டவள். பள்ளியில் சாப்பாட்டு நேரத்தில் நடுவில் நின்று, "சோத்துக்கை எது? தூக்கிக் காட்டுங்க!" என்பாள். எல்லாப் பிள்ளைகளும் வலது கையைத் தூக்கும். தப்பாக இடது கையைத் தூக்கிய பிள்ளைக்குப் புறங்கையில் செல்லமாக ஒரு தட்டு. அந்தப் பிள்ளைகள்தான் இப்போது அந்தக் கடையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பரிமாறும் தம்பியும் அவர்களில் ஒருவன்.

"அதுங்க முன்னால நான் பீச்சாங்கையில சோத்த அள்ளிச் சாப்பிடணுமா?" என்றாள். "அதுக்கு நான் பட்டினியே கெடக்கலாம்."

"கரண்டியில சாப்பிடு."

"எலையில கரண்டியா? வெள்ளக்காரனா நான்? கரண்டியும் அந்தக் கையிலதானே பிடிக்கணும்?"

"நான் ஊட்டிவிடுறேன்."

அவள் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். "அதுவும் ஆண்டவன் குடுத்த கைதானே? அதுல சாப்பிட்டா என்ன குறைஞ்சு போச்சு?" அவள் பதிலுக்குக் கத்தவில்லை. தன் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "அப்ப நீங்க சாப்பிட்டுக் காட்டுங்க" என்றாள். இது என்ன பெரிய காரியம் என்று இடது கையைச் சோற்றில் வைத்தேன். பிசைந்தேன். உருட்டினேன். தூக்கினேன். வாய்க்குப் பக்கத்தில் வந்ததும் கை நின்றுவிட்டது. ஆயர் தாவார் பக்கத்து எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவன் நான். அந்தக் கையை வாய்க்குக் கொண்டுபோனால் அம்மா கொடுத்த அடி இன்னும் உடம்பில் இருந்தது போல. வாயைத் திறக்க முடியவில்லை. எழுந்துபோய்க் கையைக் கழுவினேன். அதற்குப் பிறகு அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்காக மனசு கிடந்து அடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இப்படி இருந்த வீட்டுக்குத்தான் அந்தக் காலண்டர் வந்தது.

மாலையில் கோப்பி குடிக்கும்போது நானும் அவள் பக்கத்தில் உட்காருவேன். கோப்பிக்குத் தடை இல்லை, சோற்றுக்குத்தான். "இன்னிக்கு எந்தக் கடைக்குப் போலாம்?" என்று அவள் கேட்பாள். நான் ஏதாவது ஒரு மாதத்தைத் திருப்புவேன். ஏப்ரல் என்றால் மரமெல்லாம் பூத்திருக்கும், பெஞ்சில் சிவப்புத் துணி விரித்திருக்கும். ஆகஸ்ட் என்றால் கடற்கரையில் நிலா பார்க்க வந்த கூட்டம், வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள், நம்முடைய ராத்திரிச் சந்தை, பாசார் மாலாம் மாதிரியே. "இந்தப் பொம்பள கையில வச்சிருக்கிறது மீனா?" என்பாள். "மேல மாடியில ஒக்காந்திருக்கிறவன் பணக்காரன்போல. கீழ செருப்பக் காணோம் பாருங்க, வேலக்காரன் எடுத்து வச்சிருப்பான்." ஒருநாள் அவளே பதினொன்றாம் மாதத்தைத் திருப்பிவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஒண்ணு கவனிச்சீங்களா? இதுல யாருமே சாப்பிடல."

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய் நின்று பார்த்தேன். உண்மைதான். சாப்பாடு வருகிறது, வைக்கிறார்கள், ஊற்றுகிறார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் சின்ன மேசையும் கிண்ணமும் இருக்கின்றன. ஒருவன் ஆற்றைப் பார்க்கிறான், ஒருத்தி தலைமுடியைச் சரிசெய்கிறாள். பன்னிரண்டு கடையிலும் ஒரு வாய்கூடத் திறந்திருக்கவில்லை.

"நல்ல கடைங்க" என்றாள். "இங்கன்னா நான் போவேன்."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் கடைக்குப் போக அவளுக்கு ஆசை இருக்கிறது. கூட்டத்துக்கு நடுவில் உட்கார, சத்தம் கேட்க, யார் வந்தார்கள் யார் போனார்கள் என்று பார்க்க ஆசை இருக்கிறது. அன்றைக்குத்தான் எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது.

அந்தப் படங்களைப் பற்றிப் போனில் தேடிப் படித்தேன். அவையெல்லாம் பெரிய மனிதர்கள் வீட்டுக்குச் செய்தவை இல்லையாம். ஒரு கிண்ணம் நூடுல்ஸ் வாங்குகிற காசுக்குச் சாதாரண மக்கள் வாங்கிப்போவார்களாம். கடைக்கு அது விளம்பரம், அந்தக் கடைப்படியை மிதிக்க வசதி இல்லாதவனுக்கு அது கடையையே வீட்டுக்குக் கொண்டுவந்த மாதிரி. அதைப் படித்ததும் எனக்குப் பொறி தட்டியது. வாழையிலைக் கடைக்கு இவள் போகமாட்டாள் என்றால் அந்தக் கடையை இவள் சுவருக்குக் கொண்டுவந்தால் என்ன?

எனக்குக் கொஞ்சம் வரைய வரும். சர்ச்சில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் வானமும் மலையும் ஒட்டகமும் தீட்டுகிறவன் நான்தான். ஒட்டகம் கழுதை மாதிரி இருக்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு, அதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. மரச்சாமான் கடைக்காரர் ஒருவரிடம் மிச்சம் கிடந்த ரப்பர் மரப் பலகை ஒன்று கேட்டு வாங்கினேன். உளிகளை மகள் ஆன்லைனில் வாங்கி அனுப்பினாள். ஈப்போ பழைய டவுனில் சீன எழுத்து எழுதுகிற தாளும் மையும் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. அங்கே போய்த் தாள் கேட்டதும் கடைக்கார அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நல்ல தாளாகவே எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பொட்டலம் வாங்கப் போகும்போது கடையை மனப்பாடம் செய்தேன். கல்லாவில் முதலாளி, அவருக்குப் பின்னால் சாமி படங்கள், சுழலும் மின்விசிறி, வரிசையாக மேசைகள். சாம்பார் வாளியோடு குனியும் அந்தத் தம்பி. நடுமேசையில் நாங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் நானும் அவளும். அவள் இலையில் கை வைத்துச் சாப்பிடுகிறாள். ஜப்பான்காரன் படம் மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். என் கடையில் எல்லாரும் சாப்பிட்டார்கள்.

கார் நிறுத்தும் இடத்தில் பாயை விரித்துச் செதுக்கினேன். ரப்பர் மரம் அதற்கு ஏற்ற மரம் இல்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. உளி ஒரு பக்கம் போகச் சொன்னால் இன்னொரு பக்கம் போகும். அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள்.

"என்ன கொத்துறீங்க?"

"கடை."

"எந்தக் கடை?"

"முடிஞ்ச பிறகு பாரு."

"என்னைய வரஞ்சிருந்தா கெட்ட கோவம் வரும், சொல்லிட்டேன்."

வரைந்திருந்தேன். தலையைக் குனிந்துகொண்டு கொத்தினேன்.

கடையின் பெயர்ப்பலகையை மட்டும் செதுக்காமல் வெறுமையாக விட்டேன். காரணம், பலகையில் எழுத்தைத் திருப்பிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும். முத்திரை குத்துகிற எவனுக்கும் தெரிந்த விஷயம். அதெல்லாம் எனக்குச் சூசா, பெரிய தொல்லை, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மை தடவி, தாளை மேலே விரித்து, சோற்றுக் கரண்டியின் முதுகால் தேய்த்தேன். மெதுவாக உரித்தேன். முதல் படம். நேர்த்தியாக வந்திருந்தது. என் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. மை காயும் முன்னே சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி அவள் முன்னால் மேசையில் வைத்தேன்.

அவள் குனிந்து பார்த்தாள். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை கண் போனது. திரும்பவும் வந்தது.

"என்னாங்க இது" என்றாள் மெதுவாக.

அப்போதுதான் நானும் ஒழுங்காகப் பார்த்தேன். கல்லா வலது பக்கம் போயிருந்தது. இலைகளின் நுனியெல்லாம் வலது பக்கம் பார்த்துக் கிடந்தன. கடை நிறைய உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளி இடது கையால் காசு வாங்கினார். தம்பி இடது கையால் சாம்பார் ஊற்றினான். நான் இடது கையால் அப்பளம் நொறுக்கினேன். அவளும்தான்.

எழுத்து திரும்பும் என்று தெரிந்தவனுக்கு மனிதன் திரும்புவான் என்று தோன்றவில்லை. இத்தனைக்கும் நான் பத்து காஜா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். எது வலம் எது இடம் என்று படத்துக்குப் படம் அடையாளம் வைத்துச் சம்பளம் வாங்கினவன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அவள் ஒளித்து வைத்திருக்கும் ஒரே விஷயத்தை ஊர் முழுக்கச் செய்கிற மாதிரி வரைந்து அவள் முன்னால் வைத்திருக்கிறேன். கேலி செய்ததாக நினைத்தால்? வாழ்நாள் முழுக்கப் பேசமாட்டாள். தாளை எடுக்கப் போனேன். கிழித்துவிடலாம் என்றுதான் எடுக்கப் போனேன்.

அவள் இடது கையைப் படத்தின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பதறிப்போனேன். நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர், ஆனால் சிரிப்பு. பக்கவாதத்துக்குப் பிறகு வாய் ஒரு பக்கம் கொஞ்சம் இழுக்கும் என்று அடக்கிச் சிரிப்பவள், அன்றைக்கு அடக்கவே இல்லை.

"என் வியாதி ஊருக்கே வந்துருச்சா!" என்றாள். "மொதலாளிக்குமா? ஐயோ, அந்த மனுசன் எப்படித் தாங்குவாரு!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேறு பலகையில் சரியாகச் செய்து தருகிறேன் என்றேன். கூடாது என்றாள். இதைத் தொட்டால் தெரியும் சேதி என்றாள். படத்தைத் தன் பக்கம் இழுத்து அவளையே தேடினாள். நடு மேசையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, பக்கத்து மேசைக்காரன் சாப்பிடுகிற அதே கையால் சாப்பிடும் அவளை விரலால் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கடையில் அவளைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் எந்தக் காரணமும் இல்லை.

சனிக்கிழமை ராத்திரி, "நாளைக்குப் பூசை முடிஞ்சு இத கடைக்கு எடுத்துட்டுப் போலாம். அந்தப் பையன் பாக்கணும்" என்றாள்.

"நானே கொண்டுபோய்க் காட்டுறேன்."

"நானும் வாரேன்."

நான் உடனே போய் விளக்கை அணைத்தேன். பேசினால் மனம் மாறிவிடும் என்று பயம். காலையில் பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

கடை வாசலில் அவளைப் பார்த்ததும் அந்தத் தம்பி வாளியை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தான். "டீச்சர்! வாங்க டீச்சர்! எங்க காணவே காணோம்!" நடு மேசை காலியாக இல்லை. சுவரோர மேசைதான் கிடைத்தது. அவன் இலை போட்டான், தண்ணீர் தெளித்தான், சோறு வைத்தான், கூட்டு பொரியல் வைத்தான். அவள் இலையைத் தொடவில்லை. இடது கையும் மடியில் இருந்தது. பக்கத்து மேசையில் இருந்த அவளுடைய பழைய மாணவி ஒருத்தி திரும்பிப் புன்னகைத்தாள். இன்னொரு மேசையிலிருந்தும் ஒரு தலை திரும்பியது. இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவாள், இனி ஒருபோதும் வரமாட்டாள் என்றே நினைத்தேன்.

அவள் பையிலிருந்து சுருட்டிவைத்த படத்தை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள். "ஒங்க கட. எங்க வீட்டுக்காரரு வரஞ்சது. என்ன தப்புன்னு சொல்லு பாப்போம்" என்றாள், பாலர் பள்ளியில் கேட்கிற அதே குரலில்.

அவன் விரித்துப் பார்த்தான். முதலாளியைக் கூப்பிட்டான். முதலாளி தன்னைத் தேடினார், தொப்பையைப் பார்த்து முகம் சுளித்தார். சமையற்காரரும் கை துடைத்துக்கொண்டு வந்தார். தப்பு யார் கண்ணிலும் படவில்லை. பிறகு தம்பி ஒரு கூச்சல் போட்டான்.

"அடேய்! எல்லாரும் பீச்சாங்கையில சாப்பிடுறாங்கடா!"

கடையே எழுந்து வந்தது. "எங்க, காட்டு", "மொதலாளி காசும் அந்தக் கையிலதான் வாங்குறாரு லா", "டீச்சர், இத மட்டும் அப்பப் பாத்திருந்தா எங்க எல்லார் கையிலயும் ஒண்ணு போட்டிருப்பீங்க!"

"அந்த மேசைக்கும் காட்டு" என்றாள் அவள். படம் அடுத்த மேசைக்குப் போனது. "அங்க, அந்தக் கடைசியில இருக்கிறவங்களுக்கும்." அது அங்கேயும் போனது. தலைகளும் கூடவே போயின. எவனோ போனில் படம் எடுத்தான். படத்தில் இருக்கும் சொட்டைத் தலை தானா என்று ஒருவர் சண்டைக்கு நின்றார். நானும் சிரித்தபடி அவர்கள் பின்னாலேயே கண்ணை விட்டிருந்தேன். என் படத்துக்கு இவ்வளவு கூட்டமா என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

திரும்பிப் பார்த்தபோது அவள் இலையில் பாதிச் சோறு இல்லை. இடது கையால் பிசைந்து, உருட்டி, நிதானமாக வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். கடையில் ஒரு கண்கூட அவள் மேல் இல்லை. படத்தை எதற்காக ஒவ்வொரு மேசையாக அனுப்பினாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்களும் படத்தப் பாருங்க" என்றாள், தலையைத் தூக்காமல்.

படம் கடைசி மேசையில், பத்துப் பேர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. இருந்தாலும் அந்தப் பக்கமே திரும்பி உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து என் முதுகுக்குப் பின்னால் அவள் அந்தத் தம்பியைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்வது கேட்டது.